இரவு ஏழு மணிக்கு எந்த மின்சாரம்?

டேட்டா சென்டர்களின் பசிக்கு அணு உலையா, காற்றாலையா? சேர்வராயன் மலையிலிருந்து ஒரு கணக்கு

மஞ்சக்குட்டையில் சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டால் முதலில் போவது கரண்ட். எங்காவது ஒரு சில்வர் ஓக் கிளை லைன் மேல் சாய்ந்திருக்கும். டீக்கடைக்காரர் மெழுகுவத்தி தேடுவார். காபித் தோட்டத்து வேலை முடிந்து பெஞ்சில் ஒதுங்கிய பெண்கள் முந்தானையால் தலையைத் துவட்டிக்கொண்டே, "லைன்மேனுக்குப் போன் போட்டாச்சாண்ணா?" என்பார்கள். "போட்டாச்சும்மா. நாகலூர்ப் பக்கம் மரம் வெட்டிட்டு இருக்காராம், வந்துருவாரு." மூலையில் ஒரு பையன் மட்டும் எதைப் பற்றியும் கவலைப்படாமல் செல்போனில் படம் பார்த்துக்கொண்டிருப்பான். டவரில் பேட்டரி இருக்கிறது. படம் நிற்காது.

அந்தப் படம் புறப்படும் இடத்தில் கரண்ட் போகாது. போகக் கூடாது, அந்தத் தொழிலே அதை நம்பித்தான் நடக்கிறது. அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் ஜன்னல் இல்லாத பெரிய பெரிய கட்டடங்களாக எழும்பிக்கொண்டிருக்கும் டேட்டா சென்டர்கள் விற்பது, ஒரு நொடிகூட அணையாத மின்சாரத்தையும் கம்ப்யூட்டர்களைக் குளிரவைக்கும் ஏ.சி.யையும்தான். கடலடி கேபிள்கள் பல கரையேறும் ஊர் என்பதால் இந்தத் தொழிலில் மும்பைக்கு அடுத்த இடம் சென்னைக்கு. 2021-ல் தமிழக அரசு இதற்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது. சிஃபி, என்.டி.டி., கன்ட்ரோல் எஸ், அதானி என்று பெயர்ப்பலகைகள் பெருகிவிட்டன. ரிலையன்ஸ் பங்குதாரராக உள்ள நிறுவனம் 2024 ஜனவரியில் அம்பத்தூரில் திறந்த வளாகம், முழுதாக வளர்ந்தால் 100 மெகாவாட் இழுக்கும். பக்கத்து மாநிலத்தில் விசாகப்பட்டினத்துக்கு 2025 அக்டோபரில் கூகுள் அறிவித்த மையத்தின் முதலீடு ஐந்தாண்டுகளில் 1,500 கோடி டாலர். அங்கே பேச்சே ஆயிரம் மெகாவாட்டில்தான்.

இத்தனைக்கும் மின்சாரம் எங்கிருந்து? நிறுவனங்களின் விளம்பரத்தில் காற்றாடி சுற்றுகிறது, சோலார் தகடு மின்னுகிறது. டில்லியில் அணு உலை என்கிறார்கள். இரண்டுமே முழுப் பொய் இல்லை. ஆனால் இரண்டிலுமே கடிகாரத்தைக் காணோம்.

மலையைக் கரைத்த மின்சாரம்

ஏற்காடு லேடீஸ் சீட்டில் ஒரு தொலைநோக்கி உண்டு. மேகமில்லாத நாளில் அதில் மேட்டூர் அணை தெரியும். சுற்றுலா வந்தவர்கள் பார்த்து, "அதோ தண்ணி" என்று குழந்தைக்குக் காட்டிவிட்டுப் போவார்கள். மின்சாரத்தைத் தின்னும் தொழில் ஒன்று வந்தால் ஒரு வட்டாரத்துக்கு என்னவெல்லாம் ஆகும் என்பதை, இந்த மலையும் அந்த அணையும் சேர்ந்து ஏற்கெனவே ஒரு முறை பார்த்திருக்கின்றன.

1934-ல் அணை முடிந்தது. 1937-ல் அணையடியில் நீர்மின் நிலையம். மலிவான மின்சாரத்தை மோப்பம் பிடித்து ரசாயன ஆலை வந்தது. அறுபதுகளில், இத்தாலியத் தொழில்நுட்பத்தோடு, மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி வந்தது. சேலத்துக்காரர்களுக்கு அது 'மால்கோ'. அதற்கான பாக்சைட் சேர்வராயன் மலையிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் போனது. சேர்வராயன் கோயில் பக்கம் போனவர்கள் அந்தச் செம்மண் மேட்டைப் பார்த்திருப்பார்கள். மலை உச்சியின் தொப்பி மாதிரி இருப்பது பாக்சைட்தான். அதை வெட்டி லாரியில் இறக்கி, மேட்டூரில் மின்சாரத்தால் உருக்கிப் பிரித்தார்கள். ஒரு டன் அலுமினியத்துக்குச் சுமார் 14,000 யூனிட். அலுமினிய ஆலை மண்ணை வாங்குகிறது என்பதைவிட மின்சாரத்தைக் கட்டியாக்கி விற்கிறது என்பதே சரி.

அந்தப் பசிக்கு நீர்மின்சாரம் பத்தவில்லை. மானியக் கட்டணம் போனதும் ஆலை தள்ளாடியது. 1995-ல் ஸ்டெர்லைட் கைக்கு மாறியது. புதிய முதலாளிகள் மின்வாரியத்தை நம்பாமல் ஆலைக்குள்ளேயே சுமார் 100 மெகாவாட்டுக்கு ஒரு நிலக்கரி மின்நிலையம் கட்டிக்கொண்டார்கள். 2008 நவம்பரில் அலுமினிய உற்பத்தி நின்றது. மலையில் குடைவதும் நின்றது. ஆனால் நிலக்கரி நிலையம் நிற்கவில்லை. அலுமினியம் இல்லாமலே மின்சாரம் மட்டும் விற்று, 2017 வரை ஓடியது.

பசித்த தொழில் போன பிறகும் அதற்காக மூட்டிய அடுப்பு ஒன்பது வருஷம் எரிந்தது. டேட்டா சென்டர் பேச்சை எடுக்கிறவர்கள் மேட்டூரை ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாம்.

பத்து விநாடி

ஒரு டேட்டா சென்டருக்குள் கரண்ட் வரும் வழியைப் பார்ப்போம். இரண்டு வேறு சப்ஸ்டேஷன்களிலிருந்து இரண்டு ஃபீடர். ஒன்று போனால் மற்றது. இரண்டும் போனால் வரிசையாக அடுக்கிய பேட்டரிகள் கணநேரத்தில் சுமையை ஏற்கும். அவை தாங்குவது சில நிமிடம்தான். அதற்குள், வழக்கமாகப் பத்துப் பதினைந்து விநாடியில், கட்டடத்துக்குப் பின்னால் நிற்கும் டீசல் ஜெனரேட்டர்கள் உறுமி வேகம் பிடித்துவிடும். டீசல் தொட்டி எப்போதும் நிரம்பியிருக்கும். உள்ளே கம்ப்யூட்டர் அலமாரிகள் முதுகோடு முதுகு வைத்து நிற்கும். முன்பக்கச் சந்தில் குளிர்காற்று, பின்பக்கச் சந்தில் அனல். சென்னை மாதிரி ஊரில் கம்ப்யூட்டருக்கு ஒரு யூனிட் செலவானால், குளிரவைக்க மட்டும் அதில் பாதி வரை ஆகலாம்.

ஏ.ஐ. வந்த பிறகு கணக்கே மாறிவிட்டது. பழைய அலமாரி ஒன்று ஐந்து முதல் பத்து கிலோவாட் வாங்கும். என்விடியாவின் இப்போதைய ஏ.ஐ. அலமாரி ஒன்றுக்குச் சுமார் 120 கிலோவாட். ஐந்து குதிரைத்திறன் பம்புசெட் முப்பத்திரண்டை ஒரே ஆளுயர அலமாரிக்குள் வைத்து, இருபத்துநாலு மணி நேரமும் ஓடவிட்டதற்குச் சமம். பம்புசெட்டை ராத்திரி நிறுத்தலாம். முறை வைத்து மும்முனை மின்சாரம் கொடுக்கலாம். இதற்கு முறை கிடையாது.

┌ பெட்டிச் செய்தி: 100 மெகாவாட் என்றால்? ┐
● ஒரு டேட்டா சென்டர் வளாகம் வருஷம் முழுக்க 100 மெகாவாட் இழுத்தால் 87.6 கோடி யூனிட். மாதம் 200 யூனிட் செலவழிக்கும் வீடுகள் என்றால் 3.65 லட்சம் வீடுகள்.
● அதைச் சோலாரிலேயே எடுக்க ஏறக்குறைய 500 மெகாவாட் தகடுகள் வேண்டும். வெயில் பட்ட நேரத்துக்குத்தான் உற்பத்தி. ராமநாதபுரம் கமுதியில் 2016-ல் வந்த சோலார் நிலையம் 648 மெகாவாட். பரப்பு 2,500 ஏக்கர்.
● வெயில் போதாத பதினாறு மணி நேரத்துக்கு 16 லட்சம் யூனிட்டைத் தினமும் எங்காவது சேமித்து வைக்க வேண்டும்.
● உலக டேட்டா சென்டர்கள் 2024-ல் செலவழித்தது சுமார் 415 டெராவாட் மணி, மொத்த மின்நுகர்வில் 1.5 சதவீதம். 2030-ல் இது 945-ஐத் தொடும் என்பது சர்வதேச எரிசக்தி முகமையின் கணிப்பு.

ஆடியில் மிச்சம், ஐப்பசியில் பஞ்சம்

காற்றாலையில் தமிழ்நாடு நேற்று முளைத்த காளான் இல்லை. 1986-லேயே தூத்துக்குடி முள்ளக்காட்டில் காற்றாடி சுற்றத் தொடங்கிவிட்டது. ஆரல்வாய்மொழி, முப்பந்தல், பல்லடம், உடுமலை என்று இன்று 11,000 மெகாவாட்டுக்கு மேல். ஆனால் பாலக்காட்டுக் கணவாயும் செங்கோட்டைக் கணவாயும் காற்றைத் திறந்துவிடுவது வைகாசியிலிருந்து புரட்டாசி வரைதான். ஆடியில் வாரியத்துக்கு வாங்க முடியாத அளவு வரும். உற்பத்தியாளர்களிடம் காற்றாடியை நிறுத்தச் சொல்வார்கள். ஐப்பசி அடைமழையில் அதே காற்றாடி மரம் மாதிரி நிற்கும். சோலார் நண்பகலில் கொட்டும். ஊரே விளக்குப் போட்டு, மிக்ஸி போட்டு, டி.வி. போடும் ஏழு மணிக்குப் பூஜ்யம்.

இந்த இடைவெளியை மூட நம்மிடம் இருப்பது 'பேங்கிங்'. ஆடியில் கொடுத்த யூனிட்டைக் கணக்கில் வரவு வைத்து, பிறகு எடுத்துக்கொள்வது. பழைய காற்றாலைகளுக்கு வருஷக் கணக்கிலேயே இந்தச் சலுகை உண்டு. பேங்கில் போட்ட பணத்தைப் போல அந்த யூனிட் அங்கே இருக்காது என்பதுதான் சிக்கல். ஆடியில் வந்தது ஆடியிலேயே செலவாகிவிட்டது. கார்த்திகை இரவில் 'எடுத்துக்கொள்ளும்' யூனிட், நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியிலோ, எண்ணூரிலோ, மேட்டூர் அனல்மின் நிலையத்திலோ அப்போதுதான் பிறக்கிறது. மேட்டூருக்கு வரும் கரி ஒடிசாச் சுரங்கத்தில் ஏறி, பாரதீப்பில் கப்பல் ஏறி, எண்ணூரில் இறங்கி, மறுபடி ரயிலில் வருகிறது. ஆண்டுக் கணக்கைக் கூட்டினால் கம்பெனிக்கு நூறு சதவீதம் பசுமை. மணிக் கணக்கைப் பார்த்தால் கரி.

உண்மையான சேமிப்பு நம்மிடம் இல்லாமலில்லை. ஆனைமலையில் காடம்பாறை நிலையம் எண்பதுகளின் பிற்பகுதியிலிருந்தே, மிச்ச மின்சாரம் உள்ள நேரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி, தேவை வரும்போது இறக்குகிறது: 400 மெகாவாட். நீலகிரி குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு இன்னொன்று ஆரம்பித்து இழுத்துக்கொண்டே போகிறது. 2024-ல் இதற்கும் ஒரு கொள்கை வந்தது. டேட்டா சென்டர் இரண்டே வருஷத்தில் எழும்பிவிடும். மலையைக் குடைந்து நீரேற்று நிலையம் கட்ட அந்த அவகாசம் போதாது.

அணு உலைக்கு வயது என்ன?

அணு உலையின் கவர்ச்சி புரிகிறது. வெயில் வேண்டாம், காற்று வேண்டாம், புகை இல்லை. ஓடினால் ராப்பகலாக ஒரே சீராக ஓடும். டேட்டா சென்டர் கேட்பதும் அதைத்தான். சிறுசேரியிலிருந்து பழைய மகாபலிபுரம் சாலையில் (ஓ.எம்.ஆர்.) தெற்கே போய், மகாபலிபுரத்தையும் தாண்டினால் கல்பாக்கம்.

கல்பாக்கத்தில் 1984-லும் 1986-லும் ஓடத் தொடங்கிய 220 மெகாவாட் உலை வகையைத்தான் இப்போது தூசி தட்டி, தனியார் ஆலைகளின் சுயதேவைக்கு 'பாரத் சிறு உலை' என்று அணுமின் கழகம் முன்வைத்திருக்கிறது. 2025 பட்ஜெட்டில் சிறு உலை ஆராய்ச்சிக்கு 20,000 கோடி ரூபாய் அறிவித்தார்கள். 2047-க்குள் 100 கிகாவாட் இலக்கு. 2025-ல் நாட்டின் மொத்த அணுமின் திறன் 9 கிகாவாட்டைக்கூடத் தொடவில்லை. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய 'சாந்தி' சட்டம், 1962-ன் அணுசக்திச் சட்டத்தையும் 2010-ன் விபத்து இழப்பீட்டுச் சட்டத்தையும் ஓரங்கட்டித் தனியாருக்குக் கதவைத் திறந்துவிட்டது.

கதவு திறந்தாகிவிட்டது. கூடங்குளத்தின் பிறப்புச் சான்றிதழையும் ஒருமுறை படித்துவிடலாம். ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் ஒப்பந்தம் போட்டது 1988-ல். கான்கிரீட் கொட்டியது 2002-ல். முதல் உலை மின்தொகுப்பில் சேர்ந்தது 2013 அக்டோபரில். நடுவே 2011, 2012-ல் இடிந்தகரையில் மீனவப் பெண்கள் உலைக்கு எதிராகப் பந்தலில் உட்கார்ந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் மேல் தேசத்துரோக வழக்கு. கல்பாக்கத்தின் 500 மெகாவாட் அதிவேக ஈனுலை 2004-ல் தொடங்கியது. அதன் உலை மையத்தை நிரப்பும் பணி தொடங்கியதைப் பிரதமர் வந்து பார்த்தது 2024 மார்ச்சில். இந்த வேகத்தில் இன்று பூமி பூஜை போடும் உலை வரும்போது, இன்று வாங்கிய ஏ.ஐ. சிப் காயலான் கடையில் இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. அணு உலையும் நிற்கும். கூடங்குளம் வகை உலை எரிபொருள் மாற்ற வாரக்கணக்கில் நிற்கும். சில நேரம் சொல்லாமல் கொள்ளாமல் 'ட்ரிப்' ஆகி, ஒரே அடியில் 1,000 மெகாவாட் காணாமல் போகும். அந்த நேரத்தில் டேட்டா சென்டர் கைநீட்டுவது பொதுத் தொகுப்பிடம்தான். எனவே 'எங்கள் உலை, எங்கள் மின்சாரம், ஊருக்குத் தொந்தரவில்லை' என்ற வாதம் எடுபடாது.

┌ பெட்டிச் செய்தி: அங்கே எப்படி? ┐
● அமெரிக்கா: 1979 விபத்தால் உலகறிந்த த்ரீ மைல் ஐலண்டில், விபத்தில் சிக்காத இன்னொரு உலை 2019-ல் மூடப்பட்டது. அதை மறுபடி ஓட்டி 835 மெகாவாட்டை 20 வருஷம் வாங்க 2024 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் ஒப்பந்தம் போட்டது. அடுத்த மாதமே சிறு உலைகளுக்காக கூகுள் கைரோஸுடனும், அமேசான் எக்ஸ்-எனர்ஜியுடனும் கைகோத்தன.
● அயர்லாந்து: 2023-ல் நாட்டின் மின்சாரத்தில் 21 சதவீதம் டேட்டா சென்டர்களுக்கே போனது. டப்ளின் வட்டாரத்தில் புது இணைப்புக்கு அப்போது ஏறக்குறையத் தடையே இருந்தது.
● சிங்கப்பூர்: 2019-ல் புது டேட்டா சென்டர்களை நிறுத்திவைத்து, 2022-ல் கடும் நிபந்தனைகளோடு திறந்துவிட்டது. இடைவெளியில் கூட்டம் மலேசியாவின் ஜோகூருக்கு நகர்ந்தது.

இருட்டு யாருக்கு?

2012-ஐச் சேலத்துக்காரர் யாரும் மறந்திருக்க முடியாது. சென்னைக்கு இரண்டு மணி நேர வெட்டு. கொங்கு மண்டலத்துக்கும் தெற்கத்தி மாவட்டங்களுக்கும் பத்து, பன்னிரண்டு, சில ஊர்களில் அதற்கும் மேலே. சேலத்து விசைத்தறிக் கூடங்களில் தறி ஒரு மணி நேரம் ஓடும், ஒரு மணி நேரம் நிற்கும். கூலி பாவு முடிந்தால்தான். மாவு அரைக்க முறை வைத்து எழுந்த பெண்கள், ராத்திரி இரண்டு மணிக்குக் கிரைண்டர் போட்டார்கள். மின்சாரம் பத்தாதபோது யாருடையதை வெட்டுவது என்று முடிவெடுப்பவர்கள் தலைநகரில் இருக்கிறார்கள் என்பதுதான் அந்த வருஷம் கற்றுத்தந்தது.

டேட்டா சென்டர் வெட்ட முடியாத சுமை. மாநிலத்தின் உச்சத் தேவை 2024 மே 2-ல் 20,830 மெகாவாட்டைத் தொட்டது. இதன்மேல் அணைக்கவே முடியாத ஓராயிரம், ஈராயிரம் மெகாவாட் ஏறினால், பற்றாக்குறை நாளில் வெட்டுவதற்கு மிஞ்சுவது மற்றவர்கள் மட்டும். வீடு, தறி, பம்புசெட், மஞ்சக்குட்டை டீக்கடை.

அடுத்தது கம்பி. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கரூர் பக்கம் புகளூர் வரை 800 கிலோவோல்ட் நேர்மின் பாதை; 6,000 மெகாவாட் தாங்கும். வடக்கிலிருந்து கரி மின்சாரம் வரவும், காற்று மிகுந்தால் இங்கிருந்து வடக்கே போகவும் வடிவமைத்தது. நல்ல பாதை, தேவையான பாதையும்கூட. ஆனால் 2018-19-ல் கொங்குப் பகுதி விவசாயிகள் உயரழுத்தக் கோபுரங்களுக்கு எதிராக உண்ணாவிரதம் இருந்தது, தென்னந்தோப்புக்கு நடுவே கால் ஊன்றியதற்கு உருப்படியான ஈடு கேட்டுத்தான். டேட்டா சென்டருக்காகக் காற்றாலை நட்டால் இன்னும் பல பாதைகள் வேண்டும். அவை அம்பத்தூர் வழியாகப் போகப்போவதில்லை.

தண்ணீர் பற்றி நீளப் பேச வேண்டியதில்லை. 2019 ஜூனில் ஓ.எம்.ஆர். ஐ.டி. கம்பெனிகள் தண்ணீரில்லாமல் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னதை நினைவுபடுத்தினால் போதும். அதே சாலையில்தான் இப்போது நீரால் குளிரூட்டும் இயந்திரங்கள் வந்து இறங்குகின்றன.

வேலைவாய்ப்பு? கட்டும்போது ஆயிரம் பேர். கட்டி முடிந்தபின் ஒரு நடுத்தர நூற்பாலைக்குத் தேவைப்படும் ஆள்கூட வேண்டாம். அதற்காக இந்தத் தொழிலே வேண்டாம் என்பது என் கட்சி இல்லை. வங்கிக் கணக்கும், ரேஷன் கார்டும், ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டும் எங்கோ ஒரு கம்ப்யூட்டரில் இருந்தாக வேண்டும். அது அயல்நாட்டில் இருப்பதைவிட அம்பத்தூரில் இருப்பது நல்லது. என் சண்டை கணக்கு எழுதும் முறையோடு.

பட்டறைக்கு மட்டும் கடிகாரமா?

மணிக்கணக்கு நம் மின்வாரியத்துக்குத் தெரியாததல்ல. காலையிலும் மாலையிலும் உச்ச நேரத்தில் ஓடும் தொழிற்சாலைக்கு 'பீக் ஹவர்' கட்டணம் நெடுநாளாக உண்டு. 2022 செப்டம்பர் கட்டண உயர்வில் அதைச் சிறு பட்டறைகள் தலையிலும் கட்டினார்கள்: 25 சதவீதம் கூடுதல். கூச்சல் போட்ட பிறகு 15 ஆனது. அதையும் எடுக்கச் சொல்லி 2023-ல் குறு, சிறு தொழில்முனைவோர் கதவடைப்பே நடத்தினார்கள். லேத் ஓட்டுகிற ஒருவர், ஏழு மணிக்கு மெஷினைப் போடலாமா, பத்து மணி வரை காத்திருக்கலாமா என்று கணக்குப் பார்க்கிறார். அவருக்கு யூனிட்டுக்கு நேரம் உண்டு. கோடிக்கணக்கில் முதலீடு போடும் நிறுவனம் மட்டும் ஆடிக் காற்றைக் காட்டிக் கார்த்திகை இரவைப் பசுமை என்று எழுதிக்கொள்ளலாம்.

டேட்டா சென்டர் இணைப்புக்கு அனுமதி கொடுக்கும்போதே மணிவாரி வரவு–செலவு கேட்கலாம். இந்த மணி இவ்வளவு இழுத்தாய், அதே மணியில் உன் காற்றாலையும் சோலாரும் சேமிப்பும் இவ்வளவு கொடுத்தன, மீதி கரி. இதற்கான ஸ்மார்ட் மீட்டர் அந்தக் கட்டடங்களில் முதல் நாளிலிருந்தே இருக்கிறது. மீதியைக் குறைக்க அவர்களே நீரேற்றுத் திட்டத்திலோ பேட்டரியிலோ பணம் போடட்டும். ஏ.ஐ.க்குப் பாடம் புகட்டும் வேலைகளை நண்பகல் வெயிலுக்கு நகர்த்தட்டும். எல்லா வேலையும் உடனே முடிய வேண்டியதில்லை. காற்று வீசும் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கமே கட்டடத்தைக் கட்டினால் பாதிக் கம்பி மிச்சம். அணு உலை வரும்போது வரட்டும். அதுவரை உலையின் பெயரைச் சொல்லிக் கரியை எரிக்க வேண்டாம்.

மின்கட்டணத்தைத் தீர்மானிப்பது தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். பொதுமக்கள் கருத்தைக் கேட்டுத்தான் அது ஆணை போட வேண்டும். 2022 ஆகஸ்டில் அந்தக் கூட்டங்களைக் கோவை, மதுரை, சென்னை என மூன்று ஊர்களில் நடத்தினார்கள். மேட்டூரின் அணை, அனல்மின் நிலையம் இரண்டையும் வைத்திருக்கும் சேலம் மாவட்டத்தில் ஒன்றும் இல்லை. மஞ்சக்குட்டைக்காரர் ஒருவர் பேச நினைத்தால் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, சேலத்தில் பஸ் மாறி, கோவை போயிருக்க வேண்டும். டேட்டா சென்டருக்கென்று தனிக் கட்டண வகை பேசப்படும் நாளில், அந்தக் கூட்டம் மேட்டூரிலேயே நடக்கட்டும்.